நிறுவனத்தின் நோக்கம் மங்கிப்போனால் மீட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும் அவர்களுக்குக் கீழே வேலை செய்பவர்களும் இந்த விஷயத்தில் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் ஜப்பான் ஏர்லைன்ஸ் அடிக்கடி தலைகாட்டும். திவாலாகி, மூன்றே ஆண்டுக்குள் மீண்டும் பங்குச்சந்தைக்குத் திரும்பிய நிறுவனம் அது. அங்கே நடந்த நல்லதும் கெட்டதும் வெளிச்சத்தில் நடந்ததால் பேசுவதற்கு வசதியான உதாரணம்.

நோக்கம் தொலைந்துவிட்டது என்பதற்கு அறிகுறி என்ன? லாபம் குறைவதுதானே?

இல்லை. லாபம் கடைசியில்தான் குறையும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அவர் பெயரில் லட்சக்கணக்கான கணக்குகளை ஊழியர்கள் திறந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வங்கி நல்ல லாபத்தில்தான் ஓடியது. 2016இல் விவகாரம் வெடித்து 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்த பிறகுதான் உள்ளே எவ்வளவு அழுகியிருந்தது என்று வெளியே தெரிந்தது.

நான் பார்க்கும் அறிகுறி வேறு. ஒரு தவறு நடந்ததும் முதலில் என்ன கேட்கப்படுகிறது? "வாடிக்கையாளருக்கு என்ன ஆயிற்று?" என்றா, "இதற்கு ஒப்புதல் கொடுத்தது யார்?" என்றா? இரண்டாவது கேள்வியே வழக்கமாகிவிட்டால் ஒவ்வொருவரும் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வேலை செய்கிறார்கள். அதற்குமேல் கருத்துக்கணிப்பு எடுக்கத் தேவையில்லை.

ஜப்பான் ஏர்லைன்ஸில் என்னதான் நடந்தது?

1951இல் தொடங்கிய நிறுவனம். நெடுங்காலம் அரசின் பங்கோடு இருந்து 1987இல் முழுவதும் தனியார்மயமானது. காகிதத்தில் தனியார், நடைமுறையில் அரசு அலுவலகம். பயணிகள் வராத சிறிய ஊர் விமான நிலையங்களுக்கெல்லாம் அரசியல் நெருக்கடியால் விமானம் விட்டார்கள். பெரிய ஜம்போ விமானங்கள் பாதி காலியாகப் பறந்தன. விமானிகள், பணிப்பெண்கள், பராமரிப்புத் தொழிலாளர்கள் என்று எட்டுத் தொழிற்சங்கங்கள். தலைமை அலுவலகத்தில் திட்டம் போடுகிறவர்களுக்கும் விமானத்தைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்று சொல்லலாம்.

2010 ஜனவரி 19 அன்று, ஏறத்தாழ 2.3 லட்சம் கோடி யென் கடனோடு திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது. அப்போது ஜப்பான் அரசு, கியோசெரா என்ற மின்னணுப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய கசுவோ இனமோரியைத் தலைவராக வரும்படி கேட்டுக்கொண்டது. வயது 78. விமானத் துறையில் அனுபவம் சிறிதும் இல்லை. சம்பளம் வேண்டாம் என்ற நிபந்தனையோடு வந்தார். கியோசெராவிலிருந்து பெரும்படை எதையும் அழைத்து வரவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டுமே கூட வந்தார்கள்.

2011 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 18,800 கோடி யென்னுக்கு மேல் செயல்பாட்டு லாபம். அடுத்த ஆண்டு இருபதாயிரம் கோடியைத் தாண்டியது. 2012 செப்டம்பர் 19 அன்று டோக்கியோ பங்குச்சந்தையில் மறுபடி பட்டியலிடப்பட்டது.

வந்ததும் முதலில் எதில் கை வைத்தார்?

செலவைக் குறைக்கும் திட்டம் அரசு அமைத்த மறுசீரமைப்பு நிறுவனத்திடம் ஏற்கனவே இருந்தது. இனமோரி கை வைத்தது மேல்மட்ட அதிகாரிகளின் மேல்.

2010 ஜூனில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயர் அதிகாரிகளை உட்காரவைத்து ஒரே மாதத்தில் 17 வகுப்புகள் நடத்தினார்கள். நிறுவனம் மூழ்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், வேலையை விட்டுவிட்டு வகுப்பு. பாடமாவது பெரிய நிர்வாகத் தத்துவமா என்றால் அதுவும் இல்லை. பொய் சொல்லாதே, பேராசைப்படாதே, பிறரை ஏமாற்றாதே, ஒரு மனிதனாக எது சரியோ அதைச் செய். டோக்கியோவின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்து வந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! ஆரம்பப் பள்ளியில் சொல்லித்தருவதை இந்த வயதில் வந்து சொல்கிறாரே என்று பலர் முகம் சுளித்தார்கள். சின்ன வயதில் கற்றதைக் கடைப்பிடிக்காததால்தான் நிறுவனம் திவாலானது என்பது அவர் பதில்.

வகுப்பு முடிந்ததும் பீரும் கொறிப்பதற்குச் சிறிது தீனியும் வைத்துக்கொண்டு அதே அறையில் பேச்சு நீளும். மேடையில் சொல்லியதற்கு எதிர்ப்பு அங்கேதான் வெளிவந்தது. என் கணிப்பில் வகுப்பைவிட அந்தப் பேச்சுதான் அதிக வேலை செய்தது. வேறு வேறு துறைத் தலைவர்களாகப் பல ஆண்டு இருந்தும் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசியிராதவர்கள் அவர்கள்.

இதை எந்த நிர்வாகியும் செய்துவிடலாமே?

செய்யலாம், எடுபடாது. பேராசைப்படாதே என்று சொல்கிறவர் அந்த ஆண்டு எவ்வளவு போனஸ் வாங்கினார் என்பது கீழே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இனமோரி ஒரு யென் வாங்கவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்டால் மூன்று காரணம் சொல்வார். நாட்டின் பொருளாதாரம் தளர்ந்துவிடக் கூடாது. மிஞ்சியிருக்கும் ஏறத்தாழ 32,000 ஊழியர்களின் வேலை போய்விடக் கூடாது. ஒரே ஒரு பெரிய விமான நிறுவனம் மட்டும் மிஞ்சினால் பயணிகளுக்குத்தான் நஷ்டம். மூன்றிலும் அவருக்கு என்று எதுவும் இல்லை. உபதேசம் செய்வதற்கான தகுதியை அவர் வாய் திறப்பதற்கு முன்பே சம்பாதித்திருந்தார்.

விழுமியங்களை அழகாக எழுதி அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறோம். போதாதா?

அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானிலும் எழுதித்தான் வைத்திருந்தார்கள். மரியாதை, நேர்மை, கருத்துப் பரிமாற்றம், மேன்மை என்று நான்கு. 2001 டிசம்பரில் கணக்கு மோசடியில் நிறுவனமே கவிழ்ந்தது. அந்த நான்கு சொற்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கு மறுபக்கம் ஜான்சன் அண்ட் ஜான்சன். 1943இல் ராபர்ட் வுட் ஜான்சன் ஒரு பக்கத்தில் நிறுவனத்தின் கடமைகளை எழுதினார். நோயாளிகளும் மருத்துவர்களும் தாய்மார்களும் முதலில், பங்குதாரர்கள் கடைசியில். முப்பது ஆண்டுகளில் அதுவும் சுவர் அலங்காரமாகத்தான் ஆகிவிட்டது. 1970களின் நடுவில் ஜேம்ஸ் பர்க் என்ற நிர்வாகி மேலாளர்களைக் கூட்டி, "இதன்படி நடக்கப்போகிறோமா, இல்லை என்றால் சுவரிலிருந்து கழற்றிவிடலாமா?" என்று விவாதத்துக்கு விட்டார். ஒவ்வொரு வரியையும் மேலாளர்கள் வாதிட்டுப் பார்த்தார்கள். 1982இல் சிகாகோ பகுதியில் யாரோ இந்த நிறுவனத்தின் வலிநிவாரணியான டைலெனால் மாத்திரையில் சயனைடு கலந்து 7 பேர் இறந்தபோது, நாடு முழுவதும் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற நிறுவனம் அதிகம் தயங்கவில்லை. பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவு. எழுதிவைத்ததோடு நில்லாமல் சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டதன் பலன் அது. அதே நிறுவனம் பிற்காலத்தில் டால்கம் பவுடர் தொடர்பாகப் பல்லாயிரம் வழக்குகளைச் சந்தித்தது. பவுடர் பாதுகாப்பானது என்பது நிறுவனத்தின் வாதம். ஆனாலும் 1982இல் சம்பாதித்த நல்ல பெயர் கரைந்ததை மறுக்க முடியாது. ஒரு தலைமுறை செய்த விவாதத்தை அடுத்த தலைமுறைக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது போலும்.

ஆகவே, சுவரில் இருப்பதில் ஒரு வரியை எடுங்கள். கடந்த ஓராண்டில் அந்த வரிக்காக எந்த ஆர்டரை வேண்டாம் என்றோம், எந்தச் செலவை ஏற்றோம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராத வரிகளைக் கழற்றிவிடலாம்.

புதிதாக எழுதுவதென்றால் யார் எழுத வேண்டும்?

அங்கே வேலை செய்கிறவர்கள். ஜப்பான் ஏர்லைன்ஸில் கியோசெராவின் கோட்பாட்டை மாதிரியாக வைத்துக்கொண்டாலும், விமான நிறுவனத்துக்கு ஏற்ப எழுதியது அவர்களுடைய ஆட்களே. 2011 ஜனவரியில் 40 அம்சங்கள் கொண்ட கையேடாக எல்லோருக்கும் கொடுத்தார்கள். பிறகு விமானி, டிக்கெட் முகப்பு ஊழியர், சரக்கு ஏற்றுகிறவர், துணை நிறுவனத்து ஊழியர் எல்லோரும் பதவி வித்தியாசமில்லாமல் ஒரே அறையில் உட்கார்ந்து அதைப் படித்து விவாதிக்கும் வகுப்புகளைத் தொடர்ந்து நடத்தினார்கள். விமானத்தைத் தள்ளுகிற ஊழியர் யார் என்று பல விமானிகளுக்கு அங்கேதான் முகம் தெரிந்தது.

நாற்பது அம்சம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் முகப்பில் இருக்கும் நிறுவனக் குறிக்கோளைக் கவனிக்க வேண்டும். எல்லா ஊழியர்களுடைய பொருள் வளத்தையும் மன நிறைவையும் நாடுவது முதல் கடமை. வாடிக்கையாளருக்குச் சிறந்த சேவையும் சமூகத்தின் முன்னேற்றமும் அதைத் தொடர்ந்து வருகின்றன. வரிப்பணத்தில் பிழைத்த நிறுவனம் ஊழியரை முதலில் வைப்பதா என்ற கேள்வி அன்றே எழுந்தது. இனமோரி மாற்றவில்லை. தனக்கு எதுவும் இல்லாத நோக்கத்துக்காக ஒருவர் மாங்கு மாங்கென்று உழைப்பார் என்று எதிர்பார்ப்பது நேர்மையற்றது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நல்ல பேச்சால் மட்டும் ஒரு நிறுவனம் திருந்துமா?

திருந்தாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஜப்பான் ஏர்லைன்ஸில் ஒரு மாதத்தின் வரவுசெலவு கணக்கு கையில் வருவதற்கு அதற்குப் பிறகு சில மாதங்கள் ஆகும். எந்தத் தடத்தில் லாபம், எதில் நஷ்டம் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. நஷ்டம் நிறுவனத்துக்கு, அதாவது யாருக்கும் இல்லை. இந்த நிலையில் நீங்கள் எத்தனை நீதி வகுப்பு நடத்தினாலும் "சிக்கனமாக இரு" என்பது காற்றில் போகிற சொல்.

இனமோரி கியோசெராவில் உருவாக்கியிருந்த முறைக்கு அமீபா நிர்வாகம் என்று பெயர். நிறுவனத்தைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் தனி வரவுசெலவு வைப்பது. விமான நிறுவனத்தில் வருமானம் டிக்கெட் விற்பனையில் மட்டும்தானே வருகிறது, எஞ்சின் பழுது பார்க்கிறவருக்கு ஏது வரவு? இதற்கு ஒரு வழி செய்தார்கள். தடங்களை நிர்வகிக்கும் துறை ஒன்றை அமைத்து, வருமானத்துக்கு அதைப் பொறுப்பாக்கினார்கள். அந்தத் துறை ஒரு விமானம் பறப்பதற்கான விமானிகளை விமானிகள் துறையிடமிருந்தும், பணிக்குழுவை இன்னொரு துறையிடமிருந்தும், பராமரிப்பை வேறொரு துறையிடமிருந்தும் முன்பே பேசிய விலைக்கு வாங்கும். இப்போது பராமரிப்புத் துறைக்கும் வரவு உண்டு; தன் செலவைக் குறைத்தால் மிச்சம் தன் கணக்கில் தெரியும். ஒவ்வொரு விமானப் பயணத்தின் லாபநஷ்டமும் மறுநாளே கணக்கில் தெரியும்படி செய்தார்கள். 2011 ஏப்ரலில் துறைவாரிக் கணக்கு நடைமுறைக்கு வந்தது.

பராமரிப்புக் கூடத்தில் கையுறை, திருகு, துடைக்கும் துணி வரை விலை எழுதி ஒட்டினார்கள். அதுவரை கிழிந்ததும் எறிந்த கையுறையைத் துவைத்துப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. விலை கண்ணெதிரே இருந்தது, அவ்வளவுதான்.

மாதாந்திரக் கூட்டத்தில் துறைத் தலைவர்கள் தங்கள் எண்களைத் தாங்களே வரி வரியாக விளக்க வேண்டும். "பட்ஜெட்டில் ஒதுக்கியாகிவிட்டது" என்ற பதிலை இனமோரி ஏற்றுக்கொள்வதில்லை. உன் சொந்தப் பணமாக இருந்தால் இதைச் செலவழிப்பாயா என்று திருப்பிக் கேட்பார்.

பொது நோக்கம் என்பது பொதுக் கணக்கு இல்லாமல் நிற்காது என்பதே என் கட்சி. கணக்கை மறைத்துவிட்டுக் கொள்கையை மட்டும் பகிர்ந்துகொள்ளும் நிறுவனத்தில் ஊழியர் தலையாட்டுவார், நம்பமாட்டார்.

கணக்கைக் காட்டினால் குழுக்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளாதா?

அடித்துக்கொள்ளும். அந்த உள்விலையைப் பேசும்போது ஒவ்வொரு துறையும் தன் பக்கம் இழுக்கும். அதற்காகத்தான் கோட்பாட்டு வகுப்பு. கணக்கு மட்டும் இருந்தால் சந்தைக்கடை. கோட்பாடு மட்டும் இருந்தால் ஏட்டுச் சுரைக்காய். இன்னொன்றையும் கவனியுங்கள்: கியோசெரா முறையில் குழுவின் லாபத்தை வைத்து அந்தக் குழுவுக்குத் தனியாகப் பணப்பரிசு கொடுப்பதில்லை. பாராட்டு மட்டுமே. பணத்தை அங்கே கட்டிவிட்டால் அடுத்த மாதமே எண்ணில் விளையாட்டு ஆரம்பித்துவிடும்.

வெல்ஸ் ஃபார்கோவில் நேர்ந்தது அதுதான். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகள் விற்க வேண்டும் என்று இலக்கு. தவறினால் திட்டு, வேலைக்கே ஆபத்து. இலக்கும் நேர்மையும் மோதினால் எது ஜெயிக்கும் என்று தெரிந்துகொள்ள ஊழியருக்கு ஒரு வாரம் போதும்.

ஊழியர்களுக்குள் போட்டி இருந்தால்தானே வேலை நடக்கும்?

மைக்ரோசாஃப்டில் பல ஆண்டுகள் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று மேலாளர் கட்டாயம் தரம்பிரித்தாக வேண்டும். பத்துப் பேரும் நன்றாகச் செய்திருந்தாலும் ஓரிருவர் மோசம் என்று எழுதியே தீர வேண்டும். திறமைசாலிகள் ஒரே குழுவில் சேர மறுத்தார்கள்; பக்கத்தில் இருப்பவர் தோற்றால்தானே எனக்கு நல்ல மதிப்பெண். 2013 நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். சில மாதத்தில் சத்யா நாதெள்ளா பொறுப்பேற்றார். அவர் பேசிய கற்றுக்கொள்ளும் மனப்பான்மை எடுபட்டதற்கு, முன்பே அந்தத் தரவரிசை ஒழிந்திருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெருமை முழுவதும் பின்னால் வந்தவருக்குப் போய்விட்டது, உலக வழக்கம்.

ஆட்குறைப்பு செய்துவிட்டு விழுமியம் பேசலாமா?

கடினமான கேள்வி. ஜப்பான் ஏர்லைன்ஸில் ஏறத்தாழ 16,000 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்கு, வெளியேறினார்கள். ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியம் ஏறத்தாழ 30 விழுக்காடு வெட்டப்பட்டது. பெரும்பாலானோர் விருப்ப ஓய்வில் போனார்கள். 2010 டிசம்பர் 31 அன்று விமானிகளும் பணிக்குழுவினருமாக 165 பேர் நேரடியாக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டில் நிறுவனம் பெரும் லாபம் ஈட்டியிருந்தது. அவர்கள் வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள், அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள்.

"ஊழியர் நலமே முதல் கடமை" என்ற கையேடு அந்த வேலைநீக்கம் முடிந்த அடுத்த மாதம் வெளிவந்தது. இதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. மிஞ்சியவர்களுக்கு அது நோக்கத்தைத் தந்தது என்பதும் உண்மை, போனவர்களுக்கு அது கேலியாக இருந்திருக்கும் என்பதும் உண்மை.

உங்கள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு தவிர்க்க முடியாதது என்றால் முதலில் அதை முடியுங்கள், ஒரே தடவையில் முடியுங்கள், காரணத்தையும் கணக்கையும் சொல்லுங்கள். தவணை முறையில் ஆளை எடுத்துக்கொண்டே நடுவில் விழுமியப் பட்டறை நடத்துவது கொடுமை.

அரசு பணம் கொடுத்ததால்தானே அந்த நிறுவனம் பிழைத்தது? இதில் கோட்பாட்டுக்கு என்ன வேலை?

பாதி சரி. மறுசீரமைப்பு நிறுவனம் 35,000 கோடி யென் போட்டது. வங்கிகள் ஐம்பதாயிரம் கோடி யென்னுக்கு மேல் கடனைத் தள்ளுபடி செய்தன. வரிச் சலுகையும் கிடைத்தது. போட்டி நிறுவனமான ஆல் நிப்பான் ஏர்வேஸ் இது அநியாயம் என்று கூச்சல் போட்டதில் நியாயம் இருந்தது. பட்டியலிட்டபோது அரசின் பணம் லாபத்தோடு திரும்பிவிட்டது என்பது வேறு விஷயம்.

பணம் கிடைத்தும் திருந்தாத நிறுவனங்கள் எத்தனையோ. அதே ஜப்பான் ஏர்லைன்ஸுக்கே முந்தைய பத்தாண்டில் அரசு ஆதரவுக் கடன்கள் பலமுறை கிடைத்து ஒன்றும் மாறவில்லை. பணம் மூச்சுவிட நேரம் கொடுத்தது. அந்த நேரத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் 2010க்கும் அதற்கு முன்புக்கும் உள்ள வித்தியாசம்.

நிறுவனம் மாறிவிட்டது என்று ஊழியர்கள் எப்போது நம்புவார்கள்?

யாருக்குப் பதவி உயர்வு கொடுக்கிறீர்கள் என்று பார்த்த பிறகு. ஜப்பான் ஏர்லைன்ஸில் இனமோரி வகித்தது இயக்குநர் குழுத் தலைவர் பதவி; அன்றாட நிர்வாகத்தை நடத்தும் நிறுவனத் தலைவர் பதவிக்குத் திவாலுக்குப் பிறகு வந்தவர்களைப் பாருங்கள். 2010இல் பராமரிப்புப் பொறியாளர். 2012இல் விமானி யோஷிஹாரு உஎகி. 2018இல் மறுபடி ஒரு பராமரிப்புப் பொறியாளர், யூஜி அகாசகா. 2024 ஏப்ரலில் விமானப் பணிப்பெண்ணாக வேலையைத் தொடங்கிய மிட்சுகோ டொட்டோரி. அந்த நிறுவனத்தின் முதல் பெண் தலைவர். தலைமை அலுவலகத் திட்டத்துறைக்காரர்களே ஆண்ட இடத்தில் விமானத்தைத் தொட்டு வேலை செய்தவர்கள் வரிசையாக வந்திருக்கிறார்கள். களத்தில் இருப்பவர்களை மதிக்கிறோம் என்று சொல்ல இதற்குமேல் ஒரு சுற்றறிக்கை தேவையில்லை.

பழைய அவமானங்களை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

வேண்டாம். 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் 123ஆம் விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். 2006இல் ஹனேடா விமான நிலையம் அருகே ஒரு மையம் திறந்து, அந்த விமானத்தின் உடைந்த பின்பகுதியையும், நசுங்கிய இருக்கைகளையும், விழப்போகும் விமானத்தில் பயணிகள் தங்கள் குடும்பத்துக்குக் கிறுக்கிய கடைசிக் குறிப்புகளையும் வைத்திருக்கிறார்கள். ஊழியர்கள் பயிற்சிக்காக அங்கே அழைத்துச் செல்லப்படுகிறார்கள். மறைத்துவிட எந்த நிறுவனமும் ஆசைப்படும் பொருள்கள் அவை. பாதுகாப்புதான் எங்கள் உயிர் என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட, ஒரு கைக்குறிப்பின் முன் இளம் பணிப்பெண் ஒருத்தி ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

2024 ஜனவரி 2 அன்று ஹனேடாவில் இறங்கிய அவர்களுடைய விமானம் ஓடுபாதையில் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் 379 பேர். அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. பணிக்குழுவினர் ஒலிபெருக்கியையும் தொண்டையையும் நம்பினார்கள். எட்டு வாசல்களில் மூன்றை மட்டுமே திறக்க முடிந்தது. பின்புறத்தில் இருந்தவர்களுக்கு விமானியறையோடு தொடர்பு இல்லாததால் தங்கள் சொந்த முடிவில் கதவைத் திறந்தார்கள். 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். கையேட்டின் பலன் என்று இதை எழுதிக்கொள்ள மாட்டேன். அது பயிற்சியின் பலன். ஆனால் உத்தரவுக்குக் காத்திராமல் கதவைத் திறக்கும் துணிவு, எதற்காக அங்கே நிற்கிறோம் என்று சந்தேகமே இல்லாதவருக்குத்தான் வரும்.

ஒருமுறை மீட்டால் நிலைத்துவிடுமா?

நிலைக்காது. 2018 அக்டோபரில் லண்டன் ஹீத்ரோவில் இதே நிறுவனத்தின் துணை விமானி ஒருவர் மது அருந்திவிட்டுப் பணிக்கு வந்து பிடிபட்டார். ரத்தத்தில் அனுமதித்த அளவைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல். பத்து மாதச் சிறை. கையேடும் வகுப்பும் எட்டாவது ஆண்டில் இருந்தபோது நடந்தது இது.

இந்தியாவில் உதாரணம் இல்லையா?

சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2009 ஜனவரி 7 அன்று நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, பல ஆண்டுகளாகக் கணக்கைப் பொய்யாக எழுதியதாகத் தானே கடிதம் கொடுத்தார். அரசு இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டு கிரண் கார்னிக், தீபக் பரேக் போன்றவர்களை நியமித்தது. ஏப்ரலில் டெக் மஹிந்திரா வாங்கியது. அங்கே இருந்த சிக்கல் வேறு விதம். பல்லாயிரம் பொறியாளர்கள் உண்மையாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். பொய் மேலே மட்டும் இருந்தது. அதனால் புதியவர்களின் முதல் வேலை சம்பளத்துக்குப் பணம் புரட்டுவதும், வாடிக்கையாளர்கள் ஓடிவிடாமல் பிடித்துவைப்பதும்தான். நோய் எங்கே என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே கஷாயம் கொடுக்கக் கூடாது.

இதெல்லாம் மதப் பிரசாரம் மாதிரி இல்லையா?

இனமோரி 1997இல் பௌத்தத் துறவியாகத் தீட்சை பெற்றவர். அந்த வாடை அவர் பேச்சில் உண்டு. பிடிக்காத ஊழியர்களும் இருந்தார்கள். உங்கள் அலுவலகத்தில் ஒரு சாமியாரை அழைத்து தியான வகுப்பு நடத்துவதற்கு இதை ஆதாரமாகக் காட்டாதீர்கள். மறுத்துப் பேச இடம் இருக்கிறதா என்பதே என் அளவுகோல். மறுத்தவருக்கு அடுத்த சம்பள உயர்வு குறைந்தால் அது பிரசாரம்தான்.

முப்பது பேர் வேலை செய்யும் சிறிய பட்டறைக்கு இதில் என்ன இருக்கிறது?

பெரிய நிறுவனத்தைவிட உங்களுக்குச் சுலபம். ஆயுத பூஜை அன்று முதலாளியும் கடைசல் பிடிக்கிறவரும் ஒரே தட்டுப் பொரியைச் சாப்பிடுகிறீர்கள் அல்லவா, அந்த நெருக்கம் பெரிய நிறுவனங்கள் கோடி செலவழித்தும் வாங்க முடியாதது. ஆனால் மறுநாள் கணக்குப் புத்தகம் பூட்டிய அலமாரிக்குள் போய்விடுகிறது. முழு வரவுசெலவையும் காட்டத் தயக்கமாக இருந்தால் ஒரு எண்ணோடு தொடங்குங்கள்: இந்த வாரம் திரும்பி வந்த பழுதான உருப்படிகள் எத்தனை, அவற்றால் போன பணம் எவ்வளவு. பலகையில் எழுதுங்கள். திட்டாதீர்கள். எண்ணைக் காட்டிய கையோடு திட்டினால் அடுத்த வாரம் எண் சரியாக வராது.

சம்பளத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

சந்தை நிலவரத்துக்குக் கீழே சம்பளம் கொடுத்துக்கொண்டு நோக்கம் பேசுவது வெட்கக்கேடு. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதற்குமேல் கூட்டுவது ஆளைத் தக்கவைக்கும், அவ்வளவே.

நான் முதலாளி இல்லை, நடுவில் மாட்டிக்கொண்ட மேலாளர். மேலே உள்ளவர்களுக்கு அக்கறை இல்லை. என்னால் என்ன முடியும்?

நிறுவனத்தை மாற்ற முடியாது. உங்கள் எட்டுப் பேரின் வேலைநாளை மாற்ற முடியும். மேலிருந்து வரும் இலக்கை அப்படியே கீழே தள்ளிவிடாமல், அது எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். காரணமே இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். தவறை வந்து சொல்கிறவரை நீங்கள் காப்பாற்றுவீர்கள் என்று அந்த எட்டுப் பேருக்குத் தெரிய வேண்டும். மேலே உள்ளவர்கள் பொய்க்கணக்கு எழுதச் சொல்கிற அளவுக்குப் போனால், நோக்கத்தை மீட்கும் வேலை உங்களுடையது அல்ல. ஆவணத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு வேறு வேலை தேடுங்கள்.

ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தலாமா?

கணக்கு முறையை அமைக்க வேண்டுமென்றால் தாராளமாக. உங்கள் விழுமியங்கள் என்ன என்று கண்டுபிடித்துச் சொல்வதற்கு என்றால், அந்தப் பணத்தை உணவகத்தின் சாப்பாட்டுத் தரத்துக்குச் செலவழியுங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்?

ஜப்பான் ஏர்லைன்ஸில் லாபம் ஓராண்டில் வந்தது. மேலதிகாரிகளின் பேச்சு மாறச் சில மாதங்கள், களத்தில் இருப்பவர்கள் நம்ப இரண்டு மூன்று ஆண்டுகள் என்று கொள்ளலாம். அதுவும் திவால் என்ற அதிர்ச்சி எல்லோரையும் உலுக்கியிருந்த சூழ்நிலையில். உங்கள் நிறுவனம் ஓரளவு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மெதுவாகத்தான் நடக்கும், ஏனென்றால் மாற வேண்டிய அவசியத்தை முதலில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். இனமோரி 2013 மார்ச்சில் இயக்குநர் பதவியிலிருந்து விலகிவிட்டார். வகுப்புகள் அவர் போன பிறகும் தொடர்ந்தன. உங்கள் முயற்சியும் உங்களுக்குப் பிறகு தொடர வேண்டுமென்றால், இரண்டாம் ஆண்டிலேயே வகுப்பை நடத்தும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்காருங்கள்.